தலைமாட்டுக் கயிறு

"ஒண்ணாம் நம்பர் அட்டை யாருகிட்ட இருக்கு?" என்று சவப்பெட்டிக்காரர் கேட்டதும் எல்ஸ்பெத் கையைத் தூக்கினாள். குழியைச் சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெட்டியை இறக்க எட்டுக் கயிறுகள்; யார் எதைப் பிடிப்பது என்று எண் போட்ட அட்டைகளை முன்பே கொடுத்திருந்தார்கள். ஒண்ணாம் நம்பரான தலைமாட்டுக் கயிறு வழக்கப்படி மூத்த மகனுக்கு உரியது. மகன் ஃபின்லே குத்துக்கல்லாட்டம் நிற்கும்போது, செத்துப்போன லாக்லனின் மனைவி யூனா அதைக் கணவனின் அக்காள் எல்ஸ்பெத்துக்குக் கொடுத்திருந்தாள்.

"முப்பது வருசமா அந்த இடிஞ்ச கோட்டைக்குக் காவலு. ஐவிக் கொடியை அடியோட வெட்டினா சுவர் தலைமேல சரிஞ்சு வரும்னு தெரியாதா அவனுக்கு?" என்று பின்னால் ஒருவர் முணுமுணுத்தார். "ஊத்திக்கிட்டுப் போயிருப்பான்" என்றார் இன்னொருவர்.

எல்ஸ்பெத்தின் காதில் அது விழுந்தது. தம்பி ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை. கோட்டையைப் பற்றி அவள் எழுதிக்கொண்டிருந்த புத்தகத்துக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. வாசலுக்கு மேலே, கட்டியவனின் கேடயச் சின்னமும் 1583 என்ற ஆண்டும் செதுக்கிய கல். கொடி அதை முழுக்க மூடியிருந்தது.

"ஆறடிக் கனச் சுவர்னு பேருதான்க்கா" என்று லாக்லன் சொல்லிப் பார்த்தான். "ரெண்டு பக்கமும் ஒரு வரிசைக் கல்லு, நடுவுல வெறும் சல்லி. சுண்ணாம்பெல்லாம் மழையில கரைஞ்சுபோச்சு. இப்ப கொடிதான் அதைப் பிடிச்சிட்டு நிக்குது."

அவள் விடவில்லை. பயந்தாங்கொள்ளி என்றாள். வியாழக்கிழமை காலை அவன் ரம்பத்தை எடுத்துக்கொண்டு போனான்.

இப்போது பெட்டி குழிக்கு மேலே தொங்கியது. பாரம் உள்ளங்கையை அறுத்தது. இந்த நிமிடம் வாய் திறக்காவிட்டால் தம்பி குடிகாரனாகவே மண்ணுக்குள் போவான்.

"நான்தான் வெட்டச் சொன்னேன்" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "அவன் வேணாம்னுதான் சொன்னான். நான்தான் கேலி பண்ணி அனுப்பினேன். அவன் குடிக்கல."

பாதிரியார் கையிலிருந்த புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கால்மாட்டில் நின்ற யூனா தலை நிமிராமல் கயிற்றை விட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியும் அண்ணி" என்றாள். "பூட்ஸ் மாட்டும்போதே சொல்லிட்டுத்தான் போனாரு. அதான் தலைமாட்டை உங்ககிட்டக் கொடுத்தேன். நிதானமா விடுங்க, பெட்டி சாயுது."

பெட்டி அடியில் போய் உட்கார்ந்தது. ஏழு கயிறுகள் அதன்மேல் விழுந்தன. ஃபின்லே இரண்டு தடவை "அத்தை" என்று கூப்பிட்டான். பிறகு அவனே வந்து, எல்ஸ்பெத்தின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான்.