வெண்டலைக் குழியில் இறக்கும் வரை

பாலைவன ஊரான யூமாவில், வெயில் கொளுத்தும் ஜூலை மாதம் யாரும் சாகக் கூடாது. வெண்டல் செத்தான். எதையுமே அவன் ஊரைக் கேட்டுச் செய்தவன் இல்லை.

ஆஸ்பத்திரியில் மனைவி நோரீனிடம் அவன் கடைசியாகக் கேட்டது ஒன்றே ஒன்று. "என் காரை நீயே ஓட்டிக்கிட்டு என் பின்னால வா. என்னைக் குழியில இறக்குற வரைக்கும் என்ஜின் ஓடிக்கிட்டே இருக்கணும். அந்த டெல்மரோட இழுவை லாரிக் கொக்கியில மட்டும் தொங்கிக்கிட்டு வந்துடாதே." பாவமன்னிப்பு பற்றிப் பாதிரியார் கேட்டபோது கண்ணை மூடிக்கொண்டான். நோரீன் சரியென்று தலையாட்டிவிட்டாள். எவ்வளவு பெரிய வேலையைத் தலையில் போட்டுக்கொண்டோம் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

கார் எழுபதாம் வருஷத்து மாடல். பானெட்டுக்குள் கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு ராட்சச என்ஜின். வேகமாகப் போனால் எதிர்காற்று ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். ஊர்ந்தால் ஃபேன்தான் கதி. அந்த ஃபேன் ஒழுங்காகக் காற்றை இழுக்க அதைச் சுற்றி ஒரு கூடு இருக்க வேண்டும். கார் கண்காட்சியில் நாலு பேர் பார்க்கும்போது அந்தக் கூடு பளபளக்கிற என்ஜினை மறைக்கிறதாம். வெண்டல் அதைக் கழற்றி எறிந்துவிட்டான். அப்புறம் ஆயுசு முழுக்க என்ஜின் கொதிப்புக்கு மருந்து தேடினான். தெர்மோஸ்டாட்டை மாற்றினான், எடுத்தான், திரும்பப் போட்டான். பெரிய ரேடியேட்டர் வாங்கினான். கூட்டை மாட்டித் தொலையேன் என்றவர்களோடு பேச்சை நிறுத்தினான். இதைத்தான் கொழுப்பு என்பது.

சவ ஊர்வலத்தில் நோரீன் பக்கத்தில் டெல்மர் உட்கார்ந்திருந்தான். பழுதான வண்டிகளை இழுத்துப் போகிற லாரிக்காரன், வெண்டலுக்கு உயிர்த்தோழன். இந்தக் காரை எத்தனை தடவை இழுத்திருக்கிறான் என்பது அவனுக்கே தெரியாது. காலையிலேயே லாரியைக் கல்லறைத் தோட்ட வாசலில் நிறுத்தி, கொக்கியில் கறுப்பு ரிப்பன் கட்டிவிட்டு வந்திருந்தான்.

"மரியாதைக்குத்தான் நோரீன்."

"உன் மரியாதையைக் கொண்டுபோய்க் குப்பையில போடு."

முன்னால் சவ வண்டி ஆமை வேகத்தில் போனது. வெளியே நூற்றுப் பதினைந்து டிகிரி. சூடு காட்டும் முள் ஏற ஆரம்பித்தது. நோரீன் ஜன்னல்களை இறக்கிவிட்டு ஹீட்டரை முழுசாகத் திருப்பினாள். என்ஜினின் சூட்டைக் கொஞ்சமாவது தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ள வேறு வழியில்லை. கோட்டும் டையுமாக டெல்மர் வேகத் தொடங்கினான்.

"அவனுக்கு அடக்கம்னுதானே சொன்னாங்க? எனக்கு எதுக்குத் தகனம்?"

"வாயை மூடிக்கிட்டு முள்ளைப் பாரு."

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். சிவப்புக்குப் பக்கத்துல போயிடுச்சு. ஹாரன் அடி."

அடித்தாள். சவ வண்டி ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். பாவம், துக்கம் தாங்காமல் அழுத்துகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் மெதுவாக்கினார்.

"அட கடவுளே, இவன் வேற!" நோரீன் இடப்பக்கம் ஒடித்து ஆக்ஸிலேட்டரை மிதித்தாள்.

"ஐயோ, உன் புருஷனையே ஓவர்டேக் பண்றியே!"

"பானெட்டைத் திறந்து வெச்சிக்கிட்டு ரோட்டோரத்துல எத்தனை நாள் என்னை நிக்க வெச்சான்? இன்னைக்கு அவன் மெதுவா வரட்டும்."

காற்று உள்ளே அடித்தது. முள் இறங்கியது. பின்னால் வந்த கார்களெல்லாம் இதுதான் முறை போலிருக்கிறது என்று விளக்கு எரிய எரிய சவ வண்டியை வரிசையாக முந்தி வந்தன.

கல்லறைத் தோட்டத்தில் பாதிரியார் கூட்டத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, "வெண்டல் எங்கேம்மா?" என்றார்.

"வந்துக்கிட்டிருக்கான் ஃபாதர்."

நின்ற இடத்தில் முள் மறுபடி ஏறியது. அணைத்தால் இந்தச் சூட்டில் திரும்பக் கிளம்பாது. டெல்மர் புல்லுக்குத் தண்ணீர் விடும் குழாயை இழுத்து வந்து ரேடியேட்டர் முகத்தில் பீய்ச்சினான். பாதிரியாரின் செருப்பு நனைந்தது. ஒரு வழியாகச் சவ வண்டி வந்து சேர்ந்தது. பெட்டியைக் குழிக்கருகே கொண்டுபோனார்கள். என்ஜின் உறுமலுக்கு மேல் பாதிரியார் ஜெபத்தைக் கத்திச் சொன்னார். பெட்டி இறங்கியது. முதல் பிடி மண் விழுந்தபோது முள் சிவப்புக்குள் இருந்தது.

டெல்மர் ஜன்னலருகே ஓடி வந்தான். "முடிஞ்சுது நோரீன்! சொன்ன வார்த்தையைக் காப்பாத்திட்டே. அணைச்சிடு, இல்லேன்னா என்ஜின் போயிடும்."

நோரீன் சாவியில் கை வைத்தாள். இந்தச் சத்தத்தை அவள் எவ்வளவு திட்டியிருக்கிறாள். சாப்பிடும்போது, தூங்கும்போது, விருந்தாளி வந்திருக்கும்போது கொல்லையில் இதே உறுமல். இது கேட்டால் வெண்டல் வீட்டில் இருக்கிறான் என்று அர்த்தம். இப்போதும் அப்படித்தான் இருந்தது. சாவியைத் திருப்ப அவளுக்கு மனசு வரவில்லை.

டெல்மர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினான்.

"தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்," என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்."

பானெட் இடுக்கிலிருந்து ஆவி புஸ்ஸென்று கிளம்பிக் குழிப்பக்கம் போனது. டெல்மர் குழாயை மறுபடி எடுத்துக்கொண்டான். நோரீன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அழ ஆரம்பித்தாள்.