பதினொன்று

“பெருசாக்காதே. பெருசாக்குனா எல்லாம் குழம்பிடும்” என்றார் அவர்.

தையற்காரி பயந்துபோய் விரல்களைக் குவித்தாள். கைப்பேசித் திரையில் கரைந்த சாயம் போலப் பரவியிருந்த படம் மறுபடியும் சுருங்கியது. சாம்பல் நிறத் தண்ணீர், அதற்கு நடுவில் ரோஸ் நிறப் புள்ளிகள்.

“எண்ணு” என்றார். மூன்று தலையணைகளின் மேல் சாய்ந்திருந்தும் ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு தேவைப்பட்டது. “பதினாலு வருதா பாரு.”

துறைமுகத்தில் இருபத்தாறு வருடம் கிரேன் ஓட்டியவர் அவள் கணவர். ஐந்து மாடி உயரத்துக் கண்ணாடிக் கூண்டிலிருந்து இடப்பக்கம் சாய்ந்து பார்த்தால், மதிலுக்கு அப்பால் உப்பங்கழி தெரியும். வருடத்தில் மூன்று மாதம் அங்கே பூநாரைகள் வந்து இறங்கும். சாப்பாட்டு நேரத்தில் அவற்றைப் படமெடுத்துப் பறவைக் கணக்கெடுக்கும் குழுவுக்கு அனுப்புவார். குழுவை நடத்தும் ஆசிரியையிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: ‘படம் தெளிவாக இல்லை. பூநாரையாக இருக்கலாம்.’ அந்த ‘இருக்கலாம்’ வந்த நாட்களில் அவருக்குச் சோறு இறங்காது.

“கட்டுன பொண்டாட்டி என்ன நெறத்துல உடுத்தியிருக்கான்னு பாக்காத கண்ணு, ஊருக்கு அந்தப் பக்கம் நிக்கிற பறவைக்கு நெறம் பாக்குது” என்று அவள் சொல்லாத வருடமில்லை.

இது அவர் கடைசியாக வேலைக்குப் போன நாளில் எடுத்த படம். நாலு மாதமாக அனுப்பாமலே, தலையணைக்கடியில் இருந்த கைப்பேசியில் கிடந்தது. இன்று மாலையோடு இந்த வருடப் பறவைக் கணக்கு முடிகிறது. ‘சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க’ என்று சொல்லி டாக்டர் அவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பி இரண்டு நாள் ஆகியிருந்தது.

மகன் வாசற்படிக்கு அவளை அழைத்தான். “பதினாலுன்னு சொல்லிடும்மா. என்ன கொறஞ்சிடப் போகுது?”

அவளும் அப்படி நினைத்துத்தான் கைப்பேசியை வாங்கியிருந்தாள். ஆனால் முப்பது வருடமாக ஜன்னல் வெளிச்சத்தில் நூலையும் துணியையும் சேர்த்து வைத்து நிறம் பார்த்த கண் சும்மா இருக்குமா? ஜன்னலுக்குப் போனாள். பார்த்தாள். கையால் நிழல் கட்டி மறுபடியும் பார்த்தாள்.

“பதினாலு இல்லைங்க. பதினொன்னு.”

மகன் கண்ணை மூடிக்கொண்டான்.

“எப்படி?” என்றார் அவர்.

“ஓரத்துல இருக்கிற இந்த மூணும் பறவை இல்ல. மிதவை. ஆலைச் சாயம் மாதிரி மேலயும் கீழயும் ஒரே நெறம். அளந்து வெச்ச மாதிரி இடைவெளி வேற.”

அவர் கைப்பேசியை வாங்கிக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார்.

“வலைக்குக் கட்டுற மிதவை” என்றார் கடைசியில். “நாலு மாசமா அதையும் சேத்து எண்ணிட்டு இருந்திருக்கேன், மடையன்.” சிரிக்கப் போய் அது இருமலாகிவிட்டது. அவள் முதுகைத் தாங்கிக்கொண்டாள். அடங்கியதும் கேட்டார்: “மத்ததெல்லாம்?”

“அதெல்லாம் பூநாரைதான். தலையக் கவுத்துப்போட்டுத் தண்ணிய அலசுது பாருங்க. கொக்கு குத்திப் பிடிக்கும், பூநாரை அலசித் தின்னும்னு நீங்கதானே சொல்லுவீங்க.”

அவர் அவளையே பார்த்தார். “அதையெல்லாம் நீ கேட்டுட்டுதான் இருந்தியா?”

“தையல் மெஷின் ஓடுனா காது அடைச்சுக்குமா என்ன?”

“பதினொன்னுன்னு போடு” என்றார்.

அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினாள். மூன்று மிதவைகளைப் பற்றியும் எழுதச் சொன்னார். எழுதினாள். அனுப்பியதும் அவர் கண்ணயர்ந்தார்.

“அந்த மூணையும் புடுங்கிட்டியேம்மா” என்றான் மகன் சமையலறையில். அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். கழுவிய டம்ளரையே எடுத்து மறுபடியும் கழுவினாள்.

இரண்டரை மணிக்குப் பதில் வந்தது. ‘மிதவைகளை நாங்களும் கவனித்திருக்க மாட்டோம். பதினொரு பூநாரைகள். பதிவாகிவிட்டது.’ அவள் குனிந்து அவர் காதருகில் அதைப் படித்தாள். விழிக்கவில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாகப் படித்தாள். இமைக்குள் கண் அசைந்த மாதிரி இருந்தது, அசையாமலும் இருந்திருக்கலாம். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. மூன்று மணிக்குமேல் ஒரு மூச்சுக்குப் பிறகு அவள் அடுத்ததற்காகக் காத்திருந்தாள். மகன் வந்து அவள் தோளைத் தொடும்வரை காத்திருந்தாள்.

மறுநாள் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு, அவரோடு வேலை பார்த்த நெட்டை ஒரு பையோடு வந்தான். உள்ளே வராமல் நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து நின்றான்.

“கூண்டுல கெடந்துச்சு, அண்ணி. அண்ணனோட சீட்டு மெத்தை. தூக்கிப் போட மனசு வரல.” சற்றுத் தயங்கினான். “நான் ரெண்டு நாள் போட்டு உக்காந்து பாத்தேன். உக்கார முடியல. ஆளை ஒரு பக்கமாச் சாய்க்குது.”

அவன் போன பிறகு அவள் மெத்தையை வெளியே எடுத்தாள். வலப்பக்கம் புதுசு போல உப்பியிருந்தது. இடப்பக்கம் தேய்ந்து, பஞ்சு இறுகி, பலகையாகிக் கிடந்தது.

“தெச்சு நெரவிடலாம்மா” என்றான் மகன். “கொஞ்சம் பஞ்சு வெச்சா சரியாயிடும்.”

அவள் தையல் மெஷினுக்கு முன்னால் இருந்த முக்காலியில் அதைப் போட்டு உட்கார்ந்தாள். உடம்பு தானாக இடப்பக்கம் சாய்ந்தது. நிமிரவில்லை. அந்தப் பக்கம் வெறும் சுவர்தான் இருந்தது.