மூன்று கண்டங்களில் தலைமை வகித்தவர்

பல்கலைக்கழகத்தின் மாணவர் தலைமைப் பயிற்சி மையத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது இயக்குநர் பிரெஸ்டன் கேஜின் பற்கள்தான். அதற்குக் கீழே, 'மூன்று கண்டங்களில் பலதரப்பட்ட மக்கள் குழுக்களுக்குத் தலைமை வகித்தவர்' என்று போட்டிருக்கும். கொரீன் பூசெக் அந்த மையத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைப் படித்துவிட்டு, ஐக்கிய நாடுகள் சபையில் இருந்தவராக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நல்ல மனுஷி. எதையும் முதலில் நம்பிவிடுவாள்.

அந்த நம்பிக்கையைக் கெடுத்தவர்கள் பேத்தியைக் கல்லூரியில் சேர்க்க வந்த ஒரு வயதான தம்பதி. பிரெஸ்டன் கூடத்தில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்குள்ள ஒரு தலைவர் தூங்கிட்டு இருக்காரு" என்று ஆரம்பித்ததும் அந்த அம்மாள் கணவரின் விலாவில் இடித்தாள்.

"ஏங்க, இது நம்ம பிங்கோ பையன் இல்ல?"

"எந்த பிங்கோ பையன்?"

"சுற்றுலாக் கப்பல்லங்க! சாயங்காலம் பிங்கோ ஆட்டத்துக்கு நம்பர் கூப்பிடுவானே, மினுமினு கோட்டு போட்டுக்கிட்டு. நம்மளையெல்லாம் வரிசையா நிக்க வெச்சு ஆட வெச்சானே!"

பின்வரிசையில் நின்றிருந்த கொரீனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கப்பல் மூன்று கண்டங்களுக்குப் போனது. கப்பலில் பலதரப்பட்ட மக்கள் இருந்தார்கள். பிரெஸ்டன் முன்னால் ஆட, அவர்கள் பின்னால் ஆடினார்கள். ஒரு வரியிலும் பொய் கிடையாது.

மற்றவர்களும் அதே லட்சணம்தான். காட்டுப் பயிற்சிகளுக்குப் பொறுப்பான லைல் டாலிவர் எப்போதும் பச்சை நிறச் சட்டையும் கனத்த பூட்ஸும் போட்டுக்கொண்டு, ஏதோ போர்முனையிலிருந்து இப்போதுதான் இறங்கி வந்தவன் மாதிரி நடப்பான். 'ராணுவத்தில் ஆயிரக்கணக்கான வீரர்களின் நலனுக்குப் பொறுப்பேற்றவர்' என்பது அவனுடைய வரலாறு. கான்சஸில் ஒரு ராணுவ உணவுக் கிடங்கில் பீன்ஸ் டப்பா அடுக்கினான். வீரர்கள் அந்த பீன்ஸைத் தின்றார்கள். இதை அவனே ஒருநாள் கொரீனிடம் சொன்னான், வெட்கமே இல்லாமல். 'உள்ளமைதி வழிகாட்டி' ஷெல்பி வீடு வீடாக வாசனை மெழுகுவர்த்தி விற்றவள். தனக்குக் கீழே பத்துப் பேரைச் சேர்த்துவிட்டு, அந்தப் பத்துப் பேரும் அவள்மேல் புகார் கொடுத்தபோது ஊரை விட்டு வந்தவள். 'மகளிர் தொழில்முனைவோர் வலையமைப்பை உருவாக்கியவர்' என்று எழுதிக்கொண்டாள்.

கொரீன் இவர்களைப் பார்த்துச் சிரிக்கலாம்தான். ஆனால் அவளுடைய படத்துக்குக் கீழேயும் நாலு வரி இருந்தது. சுரங்கம் மூடி ஊர் காலியானதும் பள்ளிக்கூடமும் மூடும்வரை அவள் கணக்கு டீச்சர்; கூடவே வாலிபால் பயிற்சியாளர். அவள் பயிற்சி கொடுத்த பெண்கள் தோற்காத ஆட்டத்தை விரல் விட்டு எண்ணலாம். பிரெஸ்டன் அதை, 'தோல்வி என்ற சொல்லுக்கே புதுப் பொருள் தந்த பயிற்சியாளர்' என்று மாற்றியிருந்தான்.

"இத எடுத்துடுங்க பிரெஸ்டன். ஊர்க்காரங்க பாத்தா விழுந்து விழுந்து சிரிப்பாங்க."

"இதுல பொய் எங்க இருக்கு, சொல்லு பாப்போம்?"

"பொய் இல்ல. அதான் இன்னும் கேவலமா இருக்கு."

"உன்ன நீயே சின்னதா பாக்குற கொரீன். அதான் உன் பிரச்சினை."

அவளுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை பாக்கி இருந்தது. பல்கலைக்கழக வேலையில் மருத்துவக் காப்பீடு இருந்தது. வாயை மூடிக்கொண்டாள். மிச்சிகனின் வடகோடியில் சுரங்கமும் இல்லாமல் பள்ளிக்கூடமும் இல்லாமல் போன ஊர்க்காரிக்கு வேறு வேலை மரத்திலா காய்க்கும்?

செப்டம்பர் கடைசியில் வழக்கம்போல் ஏரிக்கரை முகாம். பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான மரக்குடில்கள், ஒரு சமையல் கூடம், எதிரே ஏரி. 'வருங்காலத் தலைவர்கள்' என்று பனியன் போட்ட மாணவர்கள் பேருந்திலிருந்து இறங்கினார்கள். இந்த வருஷம் லைல் புதிதாக ஒரு பயிற்சி கண்டுபிடித்திருந்தான். அதற்குப் பெயர் 'நம்பிக்கைப் பயணம்'.

"ஒரு படகுல நாலு பேர். மூணு பேர் கண்ணக் கட்டிக்கிட்டு துடுப்பு போடணும்" என்று இடுப்பில் கைவைத்து விளக்கினான். "நாலாவது ஆளுதான் தலைவர். அவருக்கு மட்டும் கண்ணு தெரியும். ஆனா பேசக் கூடாது. தோளத் தொட்டுத்தான் வழி காட்டணும். தலைவர் சொல்லாம யாரும் எதுவும் செய்யக் கூடாது. கண்கட்ட அவுத்தா மொத்தப் பயிற்சியும் வீண்."

ஜெனல் வீட்டலா என்ற பெண் கையைத் தூக்கினாள். அப்பா பால்பண்ணை வைத்திருந்தார். மாட்டுக்கு நடுவே வளர்ந்தவள். உதவித்தொகைக்கு ஏதோ ஒரு பயிற்சி கட்டாயம் என்றார்கள் என்று வந்திருந்தாள்.

"பேசக் கூடாதுன்னா அவரு எதுக்கு லைல் தலைவரு?"

"நல்ல கேள்வி. அந்தக் கேள்வியோடயே கொஞ்ச நேரம் உக்காரு" என்றான் லைல். பதில் தெரியாதபோது அவன் சொல்வது அதுதான்.

படகுகள் கிளம்பின. கொஞ்ச நேரத்தில் மேற்கிலிருந்து காற்று எழும்பியது. புயல் என்று சொல்ல முடியாது. துணி காயப்போட்டால் பறக்கிற காற்று, அவ்வளவுதான். கண்ணைக் கட்டிக்கொண்டவர்களுக்கு அது போதும். படகுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, திட்டிக்கொண்டு, எப்படியோ கரை சேர்ந்தன. ஒன்று மட்டும் சேரவில்லை. அதில்தான் ஜெனல் இருந்தாள். தலைவனாக உட்கார்ந்திருந்தவன் சாண்ட்லர் என்ற பையன். மாணவர் பேரவைத் தேர்தலுக்கு நிற்கப் போகிறவன், விதிகளை மீறாதவன். துடுப்புகள் கைநழுவிப் போக, படகு ஏரியின் அந்தக் கோடியில், நாணல் புதர் ஓரமாய்ப் போய்ச் சொருகிக்கொண்டது.

கொரீன் தொலைநோக்கியை எடுத்துப் பார்த்தாள். மூன்று பேர் கண்கட்டோடு, ஒருவன் கண் திறந்தபடி, நாலு பேரும் பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"மோட்டார் படக எடு லைல்" என்றாள்.

லைல் கம்பீரமாகப் போய்க் கயிற்றை இழுத்தான். மறுபடி இழுத்தான். சட்டையைக் கழற்றிவிட்டு இழுத்தான். கொரீன் போய் மூடியைத் திறந்து பார்த்தாள். டாங்க் காய்ந்து கிடந்தது.

"பெட்ரோல் போடலயா?"

"ஷெல்பி போட்டிருப்பான்னு நெனச்சேன்."

"நான் உள்ளமைதி பாக்குறவ. எங்கிட்ட ஏன் பெட்ரோல் கேக்குற?" என்றாள் ஷெல்பி, அமைதியே இல்லாமல்.

"ஆயிரம் வீரர்களுக்குப் பொறுப்பா இருந்தவன் நீ" என்றாள் கொரீன். "ஒரு டப்பா பெட்ரோலுக்குப் பொறுப்பா இருக்க முடியலயா?"

பிரெஸ்டன் ஒலிபெருக்கியோடு ஓடிவந்தான். ஏரியைப் பார்த்து, "நீங்க நல்லா செய்றீங்க!" என்று கத்தினான். அந்தக் கோடிவரைக்கும் அது கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் என்ன பிரயோஜனம்?

"ஷெரிஃப் ஆபீசுக்குப் போன் போட்டுடலாம்" என்றாள் கொரீன்.

"வேணாம், வேணாம். ஷெரிஃப் வந்தா பேப்பர்ல வரும். பேப்பர்ல வந்தா மார்லீன் கேப்பாங்க" என்றான் பிரெஸ்டன். மார்லீன் ப்ரூயிட் பல்கலைக்கழகத்தின் துணைத் தலைவர், மையத்துக்குக் காசு ஒதுக்குகிறவர். "மொதல்ல எல்லாரும் வட்டமா உக்காருவோம். இந்த நேரத்துல நமக்குள்ள என்ன ஓடுதுன்னு பகிர்ந்துக்குவோம்."

நம்பவே முடியாது, உட்கார்ந்தார்கள். கரையில் இருந்த மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒரு பையன் தனக்குப் பசிக்கிறது என்று பகிர்ந்துகொண்டான். பிரெஸ்டன் அவனுக்கு நன்றி சொன்னான்.

கொரீன் வட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனை எடுத்தாள். அழைப்பு முடிந்து திரும்பியபோது பிரெஸ்டன் அவளை ஒரு பார்வை பார்த்தான், தன் வீட்டுக்கே தீ வைத்தவளைப் பார்ப்பதுபோல.

ஷெரிஃபின் போலீஸ் படகு வருவதற்கு முன்னாலேயே அது நடந்தது. தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த கொரீன், ஜெனல் கண்கட்டைப் பிய்த்து எறிவதைக் கண்டாள். சாண்ட்லர் பதறிப்போய் அவள் தோளைத் தட்டினான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டு, படகின் விளிம்பைத் தாண்டிக் குதித்தாள்.

கொரீன் தொலைநோக்கியைக் கண்ணோடு அழுத்திக்கொண்டாள்.

ஜெனல் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் அவள் முழங்காலுக்கு வந்தது. நாணலுக்குள் போய் மறைந்தாள். சற்று நேரம் கழித்துத் திரும்பி வந்து, படகின் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, கட்டிப்போட்ட கன்றுக்குட்டியை இழுத்துவருவதுபோல் கரையோரமாகவே இழுத்துக்கொண்டு நடந்தாள். படகில் மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் இன்னும் கண்கட்டோடு.

அதே சமயம் வந்து சேர்ந்த ஷெரிஃப் அதிகாரி, படகை நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இந்தப் பக்கம் பூரா முழங்கால் ஆழந்தாங்க. சின்ன வயசுல நாங்க நண்டு புடிக்கிற இடம். வருஷா வருஷம் முகாம் போடுறீங்களே, ஒருத்தராவது தண்ணில கால நனச்சிருக்கீங்களா?"

யாரும் நனைத்ததில்லை. பேசுவதற்கே நேரம் போதவில்லை.

திங்கட்கிழமை காலை பிரெஸ்டன் கொரீனைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். முகத்தில் கலவரம் இல்லை. புதுப் பிறவி எடுத்தவன் மாதிரி ஒளி இருந்தது.

"ராத்திரி பூரா யோசிச்சேன் கொரீன். நடந்தது விபத்தே இல்ல. தலைவர் இல்லாத இடத்துல தலைவர் தானா மொளைச்சு வர்ற பயிற்சி. எவ்வளவு ஆழமான விஷயம்!"

"முழங்கால் ஆழம்" என்றாள் கொரீன்.

"நீ போன் பண்ணதும் அதுல ஒரு பகுதின்னு மார்லீன்கிட்ட சொல்லிடு. பாதுகாப்பு ஏற்பாடு. சரியா?"

மதியம் மார்லீனின் அறையில் பிரெஸ்டன் படம் போட்டு விளக்கினான். அம்புக்குறிகள், வட்டங்கள். லைல் அவ்வப்போது கண்ணை மூடித் தலையசைத்தான். எல்லாம் முடிந்ததும் மார்லீன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:

"கொரீன், நீங்க சொல்லுங்க. இது திட்டமிட்டதுதானா?"

முழங்கால் சிகிச்சை அவள் ஞாபகத்துக்கு வரத்தான் செய்தது. ஆனால் பக்கத்தில் லைல் கண்ணை மூடித் தலையசைத்துக்கொண்டிருந்தான். அந்தத் தலையசைப்பைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"இல்லைங்க. பெட்ரோல் போட மறந்தாங்க. பிள்ளைங்க மாட்டிக்கிச்சு. இவங்க வட்டமா உக்காந்தாங்க. அந்தப் பொண்ணு தானா எறங்கி வந்துச்சு."

இதோ வேலை போனது என்று நினைத்தாள். மார்லீனின் முகம் மெல்ல மலர்ந்தது.

"பிரெஸ்டன், இது அபூர்வம். உங்க ஆளுங்க உங்க முன்னாடியே இவ்வளவு வெளிப்படையா பேசுறாங்களே! என்ன ஒரு சூழலை உருவாக்கி வெச்சிருக்கீங்க!"

"எங்க மையத்துல இப்படித்தான்" என்றான் பிரெஸ்டன், நெஞ்சில் கைவைத்து. "உண்மைக்கு நாங்க பயப்படுறதில்ல."

கொரீனுக்குப் பஞ்சு மூட்டையைக் குத்தியதுபோல் இருந்தது. எங்கே குத்தினாலும் உள்ளே போகிறது. ஒன்றும் உடைய மாட்டேன் என்கிறது.

அடுத்த மாதம் நன்கொடையாளர்களுக்குக் காலை விருந்து. ஜெனலுக்குக் கண்ணாடியில் செய்த விருது ஒன்றைக் கொடுத்து, அந்தக் கணத்தில் அவளுக்குள் என்ன நடந்தது என்று சொல்லச் சொன்னார்கள். அவள் ஒலிவாங்கியை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஒண்ணும் நடக்கல. ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு வந்துச்சு. அதான் எறங்கினேன்."

கூடமே எழுந்து நின்று கைதட்டியது. பனிக்கட்டிபோல் இறுகிய முகத்தோடு உட்கார்ந்திருந்த டயர் வியாபாரி ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 'உடலின் குரலைக் கேட்கும் தலைமை' என்று பிரெஸ்டன் அங்கேயே ஒரு பெயர் வைத்தான். ஜெனல் மேடையிலிருந்து இறங்கி வந்து கொரீனின் மேசையில் உட்கார்ந்து, முட்டையைத் தட்டில் போட்டுக்கொண்டாள்.

"இவங்களுக்கெல்லாம் என்னாச்சு?" என்றாள்.

"அவங்க ஆரம்பத்துலேந்தே இப்படித்தான்மா. நீ சாப்பிடு."

பனி உருகுவதற்குள் பிரெஸ்டனுக்குத் தெற்கே ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் துணைத் தலைவர் பதவி கிடைத்தது. லைல் இயக்குநர் ஆனான். கொரீனுக்கு இணை இயக்குநர் பதவி தருவதாகச் சொன்னார்கள். அவள் படத்துக்குக் கீழே 'நெருக்கடி மேலாண்மை நிபுணர்' என்று ஒரு வரியையும் சேர்த்தார்கள். ஒரு தடவை போனை எடுத்து ஒரு எண்ணை அழுத்தியவளுக்கு அந்தப் பட்டம். அவள் முழங்கால் சிகிச்சையை முடித்துக்கொண்டு, குச்சி ஊன்றாமல் நடக்கத் தொடங்கியதும், ராஜினாமா கொடுத்தாள். ஷெரிஃப் அலுவலகத்தில் அவசர அழைப்புகளை எடுத்துப் பேச ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். நேர்முகத்தில் அவளுடைய தலைமைப் பண்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இரவு வேலை பார்க்க முடியுமா, பதறுவீர்களா என்று மட்டும் கேட்டார்கள்.

பிரெஸ்டனின் வழியனுப்பு விழாவில் பற்கள் தெரியச் சிரிக்கும் அவனுடைய படத்தை மேலே போட்ட கேக்கை வெட்டினார்கள். அவன் ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்து அவளிடமும் நின்றான். கண் கலங்கியிருந்தது, நடிப்பில்லை.

"அந்த ஏரிக் கதைய அங்க போய் எல்லாருக்கும் சொல்லப்போறேன் கொரீன். நாம சேந்து கட்டினது."

"சொல்லுங்க. பெட்ரோல் போட மறந்ததையும் சேத்துச் சொல்லுங்க."

"பெட்ரோலா?" என்றான் பிரெஸ்டன். "என்ன பெட்ரோல்?"

அவள் அவன் முகத்தையே உற்றுப் பார்த்தாள். கேலி இல்லை, கள்ளம் இல்லை. மனிதன் நிஜமாகவே மறந்திருந்தான். இத்தனை நாளும் இவனைப் பொய்யன் என்று திட்டியது தப்பு. பொய் சொல்ல உண்மை கொஞ்சமாவது ஞாபகம் இருக்க வேண்டும்.

"ஒண்ணுமில்ல" என்றாள். கேக்கில் ஒரு பல்லை வெட்டித் தட்டில் வைத்துக்கொண்டு, தின்றபடியே கார் நிறுத்தும் இடத்துக்கு நடந்தாள்.