வாசலில் இல்லாத செருப்பு

நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பிறத்தியார் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கவும் யோசிப்பவர். அப்பேர்ப்பட்டவர், மகளைக் கையோடு அழைத்துப் போக, அவள் தங்கியிருந்த வீட்டுப் படியேறினார். மறுநாள் மகனுக்குப் பெண் கொடுக்கிறவர்கள் வருகிறார்கள். "உங்க பொண்ணு எங்கே?" என்று கேட்டால் எந்த முகத்தோடு பதில் சொல்வது?

பூட்டே இல்லாத வீடு. நர்ஸ் வேலை பார்க்கும் மகளும், ஒரு தையல்காரரும், ஒரு வாத்தியாரும், இன்னும் சிலரும் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே கொடியில் துணி உலர்த்தினார்கள். என்னுடையது உன்னுடையது என்ற பேச்சே கிடையாது. மகள் கூடத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"சொந்த வீடு இருக்கும்போது எதுக்கும்மா இந்தச் சத்திரம்? ஊரு சிரிக்குது."

"அம்மா என்னைக்காவது நம்மகூட உட்கார்ந்து சாப்பிட்டிருக்காங்களாப்பா? எல்லாரும் எழுந்த பிறகு சட்டியில மிச்சத்தை வழிச்சுக்குவாங்க. இங்க கடைசி ஆள் வந்து உட்கார்ற வரைக்கும் யாரும் கரண்டியைத் தொடமாட்டோம்."

"உங்கம்மா குறைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பாளா?"

"நீங்க கேட்டிருப்பீங்களா?"

மிஷினில் தைத்துக்கொண்டிருந்த தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அந்நியன் காதில் விழுந்துவிட்டதே! கிழவருக்கு உடம்பு பற்றி எரிந்தது.

"சரி. இன்னையோட உன்னைத் தலை முழுகிட்டேன். எனக்குப் பொண்ணே இல்ல."

விறுவிறுவென்று வாசலுக்கு வந்தார். செருப்பைக் காணோம்.

"பளபளன்னு கறுப்பா இருந்ததா ஐயா?" தையல்காரர் பின்னாலேயே வந்தார். "வாத்தியார் மாட்டிக்கிட்டுக் கடைக்குப் போயிட்டாரு. இங்க காலுக்கு எது சேருதோ அதுதான். நீங்களும் ஒண்ணை மாட்டிக்குங்க."

பிறத்தியார் செருப்பில் கால் நுழைப்பதா? வெறுங்காலோடு தெருவில் இறங்கினால் மானம் போகாதா? தலை முழுகிய வீட்டின் படியிலேயே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

மகள் ஒரு தம்ளர் தண்ணீரைப் பக்கத்தில் வைத்தாள். "இப்ப வந்துடுவாருப்பா."

"நீ வரமாட்டே."

அவள் தண்ணீரைச் சற்று அருகில் நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

தட்டுகள் வைக்கும் ஓசை கேட்டது. பிறகு ஓசையே இல்லை.

"ஐயா, வாங்க," தையல்காரர் குரல். "வாத்தியாரும் நீங்களும்தான் பாக்கி. சோறு ஆறுது."

அவர் அசையவில்லை. தெருமுனையில் கறுப்பாக எது தெரிந்தாலும் உற்றுப் பார்த்தார். வீட்டில் மனைவியும் இந்நேரம் அடுப்பை அணைத்துவிட்டு, அவர் வரட்டும் என்று பட்டினியாக உட்கார்ந்திருப்பாள்.