கோப்பி நிறச் செவுள்

கோழிக்கு நோய் வந்தால் ஊரே வைத்தியம் சொல்லும். மீனுக்கு நோய் வந்தால் ஊரே சிரிக்கும். அதனால் என் தொட்டியில் மீன் செத்தால் நான் எவருக்கும் சொல்வதில்லை. அக்கராயனில் அலங்கார மீன் வளர்ப்பவன் நான் ஒருவன்தான். 'மீன் டாக்குத்தர் சுஜிதன்' என்று பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும். வெள்ளைப் புள்ளிக்கு என்ன செய்வது, வால் அழுகினால் என்ன செய்வது என்று வவுனியாவிலிருந்துகூடப் படம் அனுப்பிக் கேட்கிறார்கள்.

கார்த்திகை மழை விட்ட மறுநாள் ஏஞ்சல் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றைக் குடித்தன. காற்றுப் பம்பி ஓடிக்கொண்டுதான் இருந்தது. உடம்பில் புள்ளி இல்லை, புண் இல்லை. பாதித் தண்ணீரை மாற்றினேன். அடுத்த நாள் பன்னிரண்டு செத்தன. மறுபடி மாற்றினேன். இருபது செத்தன. தண்ணீர் மாற்ற மாற்றச் சாகிறது என்றால் மனிதனுக்கு விசர் பிடிக்காதா?

நான்காம் நாள் பின்னேரம், செத்த மீன் ஒன்றின் செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய செவுள் கோப்பி நிறத்தில் இருந்தது. நைட்ரைட்! தண்ணீரில் அது கூடினால் இரத்தத்தால் மூச்சைச் சுமக்க முடியாது. பம்பி எவ்வளவு காற்றை ஊதினாலும் மீன் திணறித்தான் சாகும். சோதனைப் பட்டியைத் தொட்டியில் நனைத்தேன். கடும் இளஞ்சிவப்பு. ஏதோ நினைத்து, கிணற்றிலிருந்து அப்போதுதான் அள்ளிய வாளியில் இன்னொரு பட்டியை நனைத்தேன். அது இன்னும் கடுமையாக ஏறியது.

காரணம் கண்முன்னே கிடந்தது. பக்கத்து வளவு வீரபாகு அண்ணையின் மாட்டுப்பட்டிச் சாணமும் மூத்திரமும் வெள்ளத்தில் கரைந்து, எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணற்றுக்குள் இறங்கியிருக்கிறது. தண்ணீர் மாற்றுவதை நிறுத்தினேன். உப்பை அளந்து தொட்டியில் கரைத்தேன். உப்பு இருந்தால் நைட்ரைட் செவுளுக்குள் இலகுவில் புகாது. பொழுதுபடுவதற்குள் மீன்கள் கீழே இறங்கி நீந்தத் தொடங்கின. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு குசினிக்குப் போனேன். அதே வாளித் தண்ணீரைக் கேத்தலில் ஊற்றி, பிள்ளையின் பாலுக்காக அடுப்பில் வைத்தேன்.

எங்கள் மகளுக்கு ஏழு கிழமை. மனைவி யதுர்ஷிகா டெங்கு வந்து கிடந்ததில் தாய்ப்பால் வற்றிப்போனது. அதன்பிறகு மாப்பால்தான். அதைக் கரைப்பது என் வேலை, பருக்குவது அவள் வேலை. கிருமி என்றால் எனக்குப் பயம். மற்றவர்கள் ஒரு கொதி விட்டு இறக்குவார்கள், நான் கேத்தலில் பாதி வற்றும்வரை விடுவேன். கொதித்த தண்ணீரில் என்ன கெடுதல் இருக்க முடியும் என்ற நம்பிக்கை. கொதித்தால் கிருமி சாகும். நைட்ரைட் எங்கும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது கூடத்தான் செய்யும். மீனைப் பற்றி யாராவது கேட்டிருந்தால் இதை உடனே சொல்லியிருப்பேன். பிள்ளையைப் பற்றி நான் என்னையே கேட்கவில்லை. அறிவு கெட்டவன்.

காலையில் தொட்டியடியில் நின்றபோது யதுர்ஷிகா கத்தினாள்.

"இஞ்ச ஓடி வாங்கோ! பிள்ளையின்ர சொண்டைப் பாருங்கோ!"

நாவற்பழம் தின்ற வாய் போல இருந்தது. நகமெல்லாம் சாம்பல்.

"குளிராக்கும்," என்றேன். துணியால் சுற்றினோம். நிறம் மாறவில்லை. பிள்ளை அழவும் இல்லை. வாயை மெல்லத் திறந்து திறந்து மூடியது. நான்கு நாளாக நான் தொட்டியில் பார்த்துக்கொண்டிருந்த அதே அசைவு.

வீரபாகு அண்ணை ஆட்டோவை எடுத்துவந்தார். கிளிநொச்சி வரையும் யதுர்ஷிகா "பிள்ளையாரப்பா, பிள்ளையாரப்பா" என்றபடி வந்தாள். நான் பிள்ளையின் நெஞ்சில் கையை வைத்து, அது ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். இரண்டு தரம் அது நின்றுவிட்டது என்று நினைத்தேன். அந்தப் பயத்தை என் எதிரிக்கும் கொடுக்கமாட்டேன்.

ஆசுப்பத்திரியில் ஒருவரைத்தான் உள்ளே விட்டார்கள். டெங்குக்குப் பிறகு யதுர்ஷிகாவால் கனநேரம் நிற்க முடியாது, நான் போனேன். ஒட்சிசன் வைத்தும் நீலம் போகவில்லை. பெண் டாக்குத்தர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"நெஞ்சு துப்பரவாத்தான் இருக்கு," என்றார்.

தாதி இரத்தம் எடுத்தார். ஊசிக்குள் ஏறியது கோப்பி நிறம்.

"டாக்குத்தர்," என்றேன். "கிணத்துத் தண்ணியிலதான் பால் கரைக்கிறனாங்கள். அந்தத் தண்ணியில நைட்ரைட் கூடவா இருக்கு."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"சோதிச்சனான். மீனுக்கு."

அவர் தாதியிடம் அவசரமாக ஏதோ கேட்டார். வந்த மருந்து கடும் நீலம். மெதிலீன் புளூ. பூஞ்சணம் பிடித்த மீனுக்கு நான் துளித்துளியாக விடுகிற மருந்து. அதைப் பிள்ளையின் நரம்பில் மெல்ல ஏற்றியபோது நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அந்தத் தண்ணி இனி ஒரு சொட்டும் குடுக்கப்படாது," என்றார் டாக்குத்தர். "அம்மாட்டையும் சொல்லுங்கோ."

வெளியே யதுர்ஷிகா என் கையைப் பிடித்தாள்.

"என்ன வருத்தமாம்?"

"மருந்து ஏத்தியிருக்கினம். நிறம் வருது."

"என்னத்தாலயாம்?"

"இன்னும் பாக்கோணுமாம்," என்றேன். பொய். அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு இருவரையும் உள்ளே விட்டார்கள். பிள்ளையின் சொண்டு சிவந்திருந்தது. கைகாலை உதறி வீரிட்டு அழுதது. அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. டாக்குத்தர் பால் கொடுக்கலாம் என்றார். யதுர்ஷிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து பிளாஸ்கை எடுத்தாள்.

"என்ர குஞ்சுக்குப் பசிக்குது. காலமை நீங்கள் கொதிக்க வைச்சதை மறக்காமல் கொண்டு வந்தனான்."

மூடியைத் திருகிப் போத்தலில் சாய்த்தாள். நான் பாய்ந்து பறித்தேன். என் கையெல்லாம் கொட்டிச் சுட்டது.

"விசரே உங்களுக்கு?"

சொன்னேன். செவுளை, வாளியை, பட்டியின் நிறத்தை, நான் கேத்தலை வைத்ததை, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை.

"நேற்று எத்தினை மணிக்குச் சோதிச்சனீங்கள்?"

"நாலு மணி இருக்கும்."

அவள் விரலை மடித்து எண்ணினாள்.

"அதுக்குப் பிறகு நாலு போத்தல்," என்றாள்.

விடியப்புறம் அவள் அயர்ந்து தூங்கியபோது, எழுப்ப மனமில்லாமல் நானே ஒரு போத்தல் கரைத்துப் பருக்கியிருந்தேன். அது அவளுக்குத் தெரியாது.

"அஞ்சு," என்றேன்.