மருந்து அடிக்காத பாத்தி

கோதுமையில் களை முளைத்தால் எல்லோரும் பிடுங்குவார்கள். களை வளரட்டும் என்று விட்டுவைக்கச் சம்பளம் வாங்குகிறவள் நான் ஒருத்திதான். எட்டுப் பாத்தியில் நாலுக்குக் களைக்கொல்லி அடிக்க வேண்டும், மீதி நாலைத் தொடவே கூடாது. இரண்டிலும் களையை எண்ணிப் பார்த்தால்தான் மருந்து வேலை செய்கிறதா என்று தெரியும். ஆராய்ச்சி நிலையத்தில் ஆறு வருடமாகத் தற்காலிக வேலை எனக்கு. இந்தச் சோதனை ஒழுங்காக முடிந்தால் நிரந்தரம் என்று இயக்குநர் சொல்லியிருந்தார்.

களை வளர்க்க யாரும் நிலம் தரவில்லை. கேட்ட இடத்தில் எல்லாம் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். கடைசியில் அப்பாதான் எங்கள் சாலையோர நிலத்தைக் கொடுத்தார். வினையே அந்தச் சாலையில்தான் இருந்தது.

போகிறவர்கள் சும்மா போகவில்லை. "என்ன பெரியவரே, பொண்ணைப் படிக்க வச்சது புல்லு வளர்க்கத்தானா?" என்று தபால்காரர் கேட்டாராம். அப்பா என்னிடம் மூச்சு விடவில்லை. எங்கள் பசு மட்டும் பத்து நாளாகக் கூடுதலாகக் கறந்தது. ஏன் என்று நானும் கேட்கவில்லை, படித்தவள் அல்லவா.

எண்ணும் நாளில் ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தை வயலில் வைத்தேன். மருந்து அடித்த பாத்தியில் ஒன்பது களை. அடிக்காத பாத்தியில் ஒன்றுகூட இல்லை. நாலிலும் அதே கதை. அடையாளக் குச்சியை மாற்றி நட்டுவிட்டேனோ என்று வரைபடத்தைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தேன். பிறகு வீட்டுக்குப் போய் அப்பாவின் நகங்களைப் பார்த்தேன்; இடுக்கெல்லாம் மண்ணும் பச்சைக் கறையும்.

"பார்க்க அசிங்கமா இருந்துச்சும்மா. கொஞ்சம்தான் எடுத்தேன்."

"கொஞ்சமா? நாலு பாத்தியிலயும் ஒண்ணு விடலையேப்பா! என் வேலையே போச்சு!"

கத்தித் தீர்த்தேன். அப்பா தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனார்.

கோபத்தில் ஒரு வாரம் வயல் பக்கமே நான் போகவில்லை. இயக்குநர் பார்வையிட வந்த அன்றுதான், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவரோடு போனேன். மருந்து அடிக்காத நாலு பாத்தியிலும் களை. கோதுமைக்கு நடுவே கயிறு பிடித்தது போல வரிசை, சாண் இடைவெளி, ஒவ்வொன்றுக்கும் மண் அணைத்துத் தண்ணீர் ஊற்றியிருந்தது. ஒன்றுகூட வாடவில்லை. அப்பா கை வைத்தது எதுவும் பட்டுப்போனதில்லை.

இயக்குநர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "என்னம்மா இது, களை வரிசையா முளைச்சிருக்கு?"

வரப்பில் நின்ற அப்பா முந்திக்கொண்டார். "நான்தாங்க புடுங்கினேன். நான்தாங்க திருப்பி நட்டேன். பக்கத்து நிலத்துக்காரர் அவரு வயல் களையை எவ்வளவு வேணா எடுத்துக்கச் சொன்னாரு. அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ரோட்டுல போற எல்லாரும் இது உங்க பொண்ணு வயலான்னு கேக்குறாங்க. அவ வயல்ல களை இருக்குன்னா எனக்குத் தாங்கலைங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இயக்குநர் சிரிக்கவில்லை. இந்த ஆண்டுச் சோதனை செல்லாது என்று எழுதினார். அடுத்த பருவத்தில் இன்னொரு வாய்ப்பு உண்டு, நிலத்தை மட்டும் நானே தேடிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார். வேறு யார் தரப்போகிறார்கள்?

"இதையே எடுத்துக்கோ" என்றார் அப்பா. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரு பருவம்கூட அவர் அந்த வயலைப் பார்க்காமல் இருந்ததில்லை. என் தம்பி வீடு பட்டணத்தில், மூன்றாவது மாடியில்.

"விதைச்சதும் நான் தம்பிகிட்ட போயிடுறேன். அறுத்து முடிச்சதும் சொல்லு, வரேன்."