பதினோராவது பயிற்சி

துறைமுகத்தில் பாரந்தூக்கிகளின் மின்வேலை பார்க்கும் யோகலிங்கம் கிட்டார் பழகத் தொடங்கியது 1978 தை மாதத்தில். அதற்கு முந்திய மாதந்தான் அவனுக்கும் கோணேஸ்வரிக்கும் பிறந்த பெண் குழந்தை, இரண்டாம் நாளே ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியது. கல்யாணமாகி ஒன்பதாவது வருடத்தில் கிடைத்த பிள்ளை. அடக்கம் செய்து வந்தபின் இருவரும் அதைப்பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. சண்டையுமில்லை, அழுகையுமில்லை. “சாப்பாடு போட்டிருக்கு.” “ஓம்.” “குழாயில தண்ணி வருது.” “ஓம்.” லிங்கநகரிலிருந்த அவர்களுடைய வீட்டில் கதை அவ்வளவுதான்.

பழுதுபார்க்க நின்ற கப்பலொன்றின் எஞ்சினியர் ஊர் திரும்பும்போது அந்தக் கிட்டாரை அவனிடம் விட்டுப்போனார். கூடவே இருபது பயிற்சிகள் கொண்ட புத்தகம். இலகுவானது முதலில், கடினமானது கடைசியில், தரம் தரமாக. அட்டையின் உட்புறத்தில் கொழும்பிலுள்ள ஓர் ஆசிரியரின் விலாசமும் எழுதியிருந்தது. ஒவ்வொரு பயிற்சியையும் வாசித்து, ஒலிநாடாக் கசெற்றில் பதிந்து அனுப்பினால் அவர் கேட்டுச் சரிபிழை எழுதுவார்.

சங்கீதத்தில் யோகலிங்கத்துக்குப் பெரிய ஆசை இருந்ததில்லை. வேலையால் வந்தபின் கைகளுக்கு ஏதாவது வேண்டியிருந்தது. மின்சுற்றுப் படம் வாசித்துப் பழகியவனுக்கு புத்தகத்தின் இசைக்குறிப்பிலிருந்த புள்ளிகளும் கோடுகளும் மெல்ல மெல்லப் பிடிபட்டன. இடது காலைப் பலகைக் கட்டையில் தூக்கிவைத்து, சொன்ன விரலைச் சொன்ன இடத்தில் வைத்தான். ஞாயிறு மத்தியானங்களில் பதிந்தான். எட்டு மாதத்தில் பத்துப் பயிற்சிகள் முடிந்தன.

பத்தாவதற்கு ஆசிரியர் எழுதியிருந்தார்: பிழை ஒன்றுமில்லை. ஆனால் யாரோ தட்டச்சு அடிப்பதுபோல் இருக்கிறது. நீங்கள் வாசிப்பதை நீங்கள் கேட்கிறீர்களா?

அவனுக்கு அது உறைக்கவில்லை. கடிதத்தை மடித்துவைத்துவிட்டுப் பதினோராவதைத் திறந்தான்.

அதில் மூன்றாவது வரி மறித்தது. மற்ற விரல்கள் அசையாமலிருக்க, சின்னவிரல் மட்டும் எட்டிப்போய் அழுத்தவேண்டும். அந்த ஞாயிறு ஒன்பது தரம் பதிந்தான். ஒன்பது தரமும் அங்கேயே விழுந்தது. ஒன்பதாம் தரம் கசெற் றெக்கோடரை நிறுத்தியபோதுதான் கவனித்தான்: குசினியில் தேங்காய் திருவும் சத்தம் அப்போது தொடங்கியது. பதியும் பொத்தானைத் திரும்ப அழுத்தினான். சத்தம் நின்றது.

எழும்பிக் குசினிக்குப் போனான். கோணேஸ்வரி பாதித் தேங்காயை மடியில் வைத்தபடி அசையாமல் இருந்தாள்.

“ஏன் நிப்பாட்டிப்போட்டு இருக்கிறீர்?”

“நீங்கள் கசெற்றில பிடிக்கிறீங்களெல்லோ. இந்தச் சத்தமும் போய் விழும்.”

“எப்ப தொட்டு இப்பிடி?”

“முதலாவதில இருந்தே.” தேங்காயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: “மூண்டாவது வரி வரேக்க மூச்சை அடக்கிப்போடுறீங்கள். அதுதான் விழுது. இஞ்ச இருந்தே தெரியுது.”

எட்டு மாத ஞாயிறுகளாக அவள் இப்படி இருந்திருக்கிறாள்.

“வந்து பக்கத்தில இரும்,” என்றான்.

அவள் கைகழுவி வந்து கதிரையில் இருந்தாள். பொத்தானை அழுத்தி வாசித்தான். மூன்றாவது வரியில் மூச்சை விட்டான். சின்னவிரல் சரியான இடத்தில் போய் அழுத்தியது. ஆனால் கடைசி வரியில், இலகுவான இடத்தில், கிட்டார் நரம்பு விரலுக்குத் தவறியது. நிறுத்தக் கை நீட்டினான்.

“நிப்பாட்டாதேங்கோ. முடியுங்கோ.”

முடித்தான். கசெற் சுற்றிக்கொண்டிருந்தது. நிலத்தைப் பார்த்தபடி அவள் சொன்னாள்:

“பிள்ளைக்கு நான் ஒரு பேர் நினைச்சு வச்சிருந்தனான்.”

அவன் றெக்கோடரை நிறுத்தினான். “சொல்லும்.”

“தமயந்தி.”

அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொன்னான். கோணேஸ்வரி அழுதாள். அவனுக்கு அழுகை வரவில்லை. அவளுடைய கையைப் பிடித்தான். கிட்டார் நரம்பை அழுத்திக் காய்த்துப்போன விரல்நுனிகளில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளங்கையில் அவளுடைய சூடு தெரிந்தது. பிடித்தபடியே இருந்தான்.

அந்தக் கசெற்றைக் கொழும்புக்கு அனுப்பாமல் அலுமாரியில் வைத்தார்கள். அடுத்த ஞாயிறு அவள் அருகிலிருக்க வேறொன்றில் பதிந்து அனுப்பினான். இரண்டு வாரத்தில் ஆசிரியரின் பதில் வந்தது: பிழை இரண்டு. திரும்பவும் பதிந்து அனுப்பவும்.

அதைக் கோணேஸ்வரிக்கு வாசித்துக் காட்டினான்.

“எந்த ரெண்டு இடம் எண்டு எழுதேல்லையோ?” என்று கேட்டுக்கொண்டு அவள் கடிதத்தை வாங்கினாள்.